அலுவலகத்தில் 31 கணினிகள் நீலத்திரை, சாவி வேறு கேட்கிறது: உதவி தேவை

கோவை டெஸ்க்டாப் (ஜூலை 19, 2024, வெள்ளி, பகல் 12.40)

வணக்கம். கோவையில் ஒரு கிளை அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது நான் ஒருவன்தான். மொத்தம் 46, எல்லாம் விண்டோஸ். காலை பத்து மணி இருக்கும், கணக்குப் பிரிவில் ஒன்று நீலத்திரை காட்டியது. நான் அங்கே போய் நிற்பதற்குள் அந்த வரிசையே போய்விட்டது. இப்போது 31 கணினிகள் ஆன் ஆவதும் உடனே விழுவதுமாக இருக்கின்றன. 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' என்று வருகிறது. ஒன்றில் ரேமைக் கழற்றி ரப்பரால் துடைத்துப் போட்டும் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது. வைரஸாக இருக்குமோ என்று பயந்து நெட்வொர்க் சுவிட்சை அணைத்து வைத்திருக்கிறேன்.

நாளை 20-ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி (மாத வரிக் கணக்கு) தாக்கல் செய்யக் கடைசி நாள். கணக்கு எல்லாம் அந்தக் கணினிகளில்தான் இருக்கிறது. தலைமை அலுவலக ஐடி எண் கிடைக்கவே இல்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சர்வர் அறை (பிற்பகல் 2.05)

பதறாதீர்கள் தம்பி, வைரஸ் இல்லை. எங்களுக்கும் காலையிலிருந்து இதே கதிதான். உலகம் முழுக்க விமான நிலையங்கள் வரை நின்றுபோயிருக்கின்றன. உங்கள் கணினிகளில் இருக்கும் கிரவுட்ஸ்ட்ரைக் (CrowdStrike) பாதுகாப்பு மென்பொருளுக்கு நம் நேரம் 9.39-க்கு ஒரு அப்டேட் வந்தது, அதுதான் காரணம். 10.57-க்கு அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இடைப்பட்ட நேரத்தில் இணையத்தோடு ஓடிக்கொண்டிருந்தவைதான் மாட்டின. உங்கள் மீதி 15 அப்போது அணைந்திருந்திருக்கும்.

முதலில் சுவிட்சைப் போடுங்கள். கேபிள் இணைப்பில் சில தடவை ரீஸ்டார்ட் செய்தால், விழுவதற்குள் சரியான கோப்பை இறக்கிக்கொண்டு சில கணினிகள் தானாகவே எழுந்துவிடுகின்றன. வைஃபை தாமதமாக இணைவதால் அதில் வாய்ப்புக் குறைவு.

எழாதவற்றுக்குக் கை வேலைதான். அடுத்தடுத்து விழுந்தால் ரிப்பேர் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட் வழியாக ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய் சேஃப் மோடு (அடிப்படை நிரல்கள் மட்டும் ஓடும் நிலை) எடுங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ். அதற்குள் அந்த மென்பொருள் நிறுவனத்தின் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் 'சி-00000291' என்று தொடங்கும் கோப்பை மட்டும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். தயவுசெய்து ஃபோல்டரை மொத்தமாக அழிக்காதீர்கள்.

கோவை டெஸ்க்டாப் (3.20)

மிக்க நன்றி அண்ணா. ரீஸ்டார்ட்டிலேயே 7 எழுந்துவிட்டன. மீதியில் சேஃப் மோடு போனால் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்கச் சாவி கேட்கிறது. சாவிப் பட்டியல் இருக்கும் சர்வரும் நீலத்திரையில் நிற்கிறது.

வைகைக்கரை (3.45)

அப்படியானால் சர்வரைத்தான் முதலில் எழுப்ப வேண்டும். எங்கள் சர்வர் டிஸ்க்கில் பிட்லாக்கர் போடாததால் அதே முறையில் கோப்பை அழிக்க முடிந்தது, உங்களுடையதையும் பாருங்கள். அது எழுந்தால் பட்டியல் கைக்கு வந்துவிடும். இன்னொரு வழியும் உண்டு. மைக்ரோசாஃப்ட் அலுவலகக் கணக்கில் சாவியைச் சேமித்திருந்தால், ஊழியர் தன் போனிலேயே கணக்குப் பக்கத்தில் 'டிவைசஸ்' பகுதியைத் திறந்து எடுக்கலாம். சாவி கேட்கும் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகள் பொருந்துகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியை ஒருவர் வாசிக்க இன்னொருவர் தட்டுங்கள். ஆறு ஆறாக எட்டுக் கட்டங்கள். தனியாகச் செய்தால் நான்காவது கணினியிலேயே கண் கட்டிவிடும், எனக்குக் கட்டியது.

நெல்லைத்தமிழ் (5.10)

இடையில் ஒரு எச்சரிக்கை. 'சரிசெய்து தருகிறோம்' என்று போன், மெயில் வந்தால் நம்ப வேண்டாம். இதைச் சாக்காக வைத்து ஏமாற்றுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள்.

கோவை டெஸ்க்டாப் (ஜூலை 20, இரவு 8.15)

சர்வர் நேற்று ஆறு மணிக்கு எழுந்தது. பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போனேன். ஆடி முதல் வெள்ளி என்று கோவிலுக்குப் போகச் சீக்கிரம் கிளம்ப அனுமதி வாங்கியிருந்த கணக்குப் பிரிவு அக்கா, பையைக் கீழே வைத்துவிட்டு ஒன்பதரை வரை என்னோடு இருந்தார். ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு அவர் எண்களை வாசித்த விதத்தில் ஒரு கட்டம்கூடத் தப்பவில்லை. நேற்று 20, இன்று காலை 3. கடைசி ஒன்று விற்பனைப் பிரிவுத் தம்பியின் லேப்டாப். அவர் பொள்ளாச்சியில் இருந்ததால் போனிலேயே சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தேன். 3பி இன்று மாலை தாக்கல் ஆகிவிட்டது. உங்கள் எல்லோருக்கும் நன்றி சொல்ல வார்த்தை இல்லை.

மொத்தம் 85 லட்சம் கணினிகள் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. அத்தனை இடத்திலும் யாரோ ஒருவர் இப்படித்தானே ஓடியிருப்பார்.

காவிரி_ஐடி (ஜூலை 22)

நானும் இதைப் படித்துத்தான் பிழைத்தேன். ஒரே ஒரு கணினி மட்டும் எப்போது போட்டாலும் சேஃப் மோடிலேயே எழுகிறது. கட்டளைத் திரையில் சேஃப் பூட் (சேஃப் மோடிலேயே தொடங்கச் சொல்லும் குறி) வைத்துத்தான் உள்ளே போனேன்.

வைகைக்கரை (ஜூலை 22)

அந்தக் குறி இன்னும் இருக்கிறது. எம்எஸ்கான்ஃபிக் (விண்டோஸின் தொடக்க அமைப்புக் கருவி) திறந்து பூட் பகுதியில் சேஃப் பூட் டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

சர்வர் அறை (ஆகஸ்ட் 8)

காரணம் என்ன என்று பலர் கேட்டிருந்தீர்கள். நிறுவனத்தின் அறிக்கை வந்துவிட்டது. புதிய கோப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்தது, மென்பொருள் கொடுத்தது 20. இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போய் விழுந்திருக்கிறது. கெர்னலுக்குள் (விண்டோஸின் உள் மையத்தில்) ஓடுவதால் விண்டோஸையும் சேர்த்துத் தள்ளிவிட்டது. சோதனையில் இது மாட்டவில்லை என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கோவை டெஸ்க்டாப் (ஆகஸ்ட் 8)

விளக்கத்துக்கு நன்றி அண்ணா. சாவிப் பட்டியலை அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டி, மேலாளர் அறை பீரோவில் வைத்துவிட்டேன். புதிதாக ஒரு கணினி சேர்ந்தால் அன்றே மாற்றி வைக்கிறேன்.