தங்கை திரவங்களைப் பற்றி ஆய்வு செய்யணும் என்கிறாள். இப்படி ஒரு வேலை உண்டா?

செம்பனை வீட்டுப் பிள்ளை:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். தங்கை எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) எழுதுகிறாள். "சோதனைக்குழாய் வேண்டாம்ணே, திரவம் ஏன் திரவமா இருக்குன்னு கணக்குப் போட்டுப் பார்க்கணும்" என்கிறாள். அப்பாவிடம் என்ன சொல்ல?

லயத்து அக்கா:
உண்டு தம்பி. நான் அந்தத் துறையில்தான் இருக்கிறேன். எங்கள் அம்மா பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டியவர். அந்த ரப்பர் பாலில் ஃபார்மிக் அமிலம் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் அது தயிர் மாதிரி உறையும். விரலால் அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்பும். அது ஏன் என்று கேட்கத் தொடங்கியவள்தான் நான்.

திரவங்களைக் கணக்கால் ஆராய்ந்த வேதியியல் அறிஞர் டேவிட் சாண்ட்லரைப் பற்றித் தங்கையிடம் சொல்லுங்கள். 1969-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம், அப்புறம் இல்லினாய், 1986 முதல் பெர்க்லி, 2017-இல் காலமானார். 1971-இல் வீக்ஸ், ஆண்டர்சன் இருவரோடும் சேர்ந்து ஒன்றைக் காட்டினார்: நெருக்கமான எளிய திரவத்தில் மூலக்கூறுகள் எப்படி அமைந்து நிற்கின்றன என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் ஈர்ப்பு அல்ல, மிக நெருங்கினால் ஒன்றையொன்று தள்ளும் விலக்கம். தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் யார் பக்கத்தில் யார் நிற்பது என்பதை உறவா தீர்மானிக்கிறது? இடித்துக்கொள்ளும் தோள்கள்தான். எல்லாரையும் அங்கே இழுத்து வைத்திருப்பவன் முருகன்; ஈர்ப்பின் வேலை அதுதான். தண்ணீர் போன்றவை இதற்குள் அப்படியே அடங்காது, அவற்றில் ஹைட்ரஜன் பிணைப்பு இருக்கிறது; அது பக்கத்து மூலக்கூறைக் குறிப்பிட்ட திசையில் இழுத்துப் பிடிக்கும் வலுவான ஈர்ப்பு.

வழி நீளம்: இளங்கலை, முனைவர் பட்டம், பிறகு ஓரிரு இடங்களில் ஒப்பந்த ஆய்வு, அதன் பிறகுதான் நிரந்தர வேலை. வீட்டுக்குப் பணம் தாமதமாகத்தான் வரும். அதை அப்பாவிடம் இப்போதே மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964-இல் ஆர்கான் என்னும் வாயுத் தனிமத்தின் 864 அணுக்களைக் கணினிக்குள் நகரவிட்டுத் திரவத்தைப் பார்த்தவர். 1971-இல் ஸ்டில்லிங்கர் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து 216 நீர் மூலக்கூறுகளை அப்படிப் பார்த்தார். இன்று அந்தக் கணக்கு ஒரு சாதாரண மடிக்கணினிக்குள் அடங்கும். பிள்ளை இப்போதே பைத்தான் என்ற கணினி நிரல்மொழியைப் பழகட்டும்.

செம்பனை வீட்டுப் பிள்ளை:
ரொம்ப நன்றி அக்கா, ஐயா. படித்துக் காட்டினேன். "அது என்ன 864, ஆயிரம்னு வைக்கக்கூடாதா?" என்று கேட்கிறாள்.

லயத்து அக்கா:
864 என்பது 4 × 6 × 6 × 6. திட ஆர்கானின் படிகத்தில் ஒரு கட்டத்துக்கு நான்கு அணுக்கள். பக்கத்துக்கு ஆறு கட்டம் அடுக்கினால் சரியாக அந்த எண் வரும். அடுத்த கேள்வியை அவளையே இங்கே எழுதச் சொல்லுங்கள், தம்பி.