அவசரம்: பிடிடி (பேசும் பொத்தான்) அழுத்தினால் ரேடியோ செட் அணைந்துவிடுகிறது

புதுஹாம்:
நிவாரண முகாமில் விஎச்எஃப் அலைவரிசையில் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நிலையம் போட்டிருக்கிறோம். ரிப்பீட்டர் (சேதியை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) தெளிவாகக் கேட்கிறது. ஆனால் பிடிடி அழுத்தியதும் செட் அணைந்து, விட்டதும் மறுபடி வருகிறது. வீட்டில் நன்றாக ஓடிய செட். இரவுக்குள் மருந்துப் பட்டியல் போயாக வேண்டும். என்ன பார்ப்பது?

இரண்டுமீட்டர்:
என்ன செட், எத்தனை வாட்? மின்சாரம் எதிலிருந்து வருகிறது?

கோபுரக்காரர்:
ரிப்பீட்டரைத் திறக்கும் டோன் விட்டுப்போயிருக்கும். 88.5 ஹெர்ட்ஸ் போட்டுப் பாருங்கள்.

இரண்டுமீட்டர்:
டோன் தப்பாக இருந்தால் ரிப்பீட்டர்தான் திறக்காது. செட் எதற்கு அணையும்?

மூத்தஹாம்:
வீட்டில் எதில் ஓடியது, அங்கே எதில் ஓடுகிறது, அதைக்கூட எழுதவில்லை. ஓம் விதியைத் தேர்வோடு மறந்துவிடுவதா? இப்படி முகாமுக்குக் கிளம்பினால் யாருக்கு உதவி?

தாமிரக்கம்பி:
அவர் களத்தில் நிற்கிறார் ஐயா, பாடம் அப்புறம் நடத்தலாம். புதுஹாம், 50 வாட் செட் என்றால் பேசும்போது 10 ஆம்பியர் வரை இழுக்கும். கேட்கும்போது ஒரு ஆம்பியர்கூட ஆகாது, அதனால்தான் கேட்பதில் குறை தெரியவில்லை. 1 சதுர மி.மீ. வயரில் பேட்டரி 5 மீட்டர் தள்ளி இருந்தால், போக வர 10 மீட்டர். 0.17 ஓம். 10 ஆம்பியரில் வயரிலேயே 1.7 வோல்ட் போய்விடும். பல செட்டுகள் 13.8 வோல்ட்டுக்குச் செய்தவை, 11.7-க்குக் கீழே உறுதி கிடையாது.

வோல்ட்மீட்டரை செட்டின் முனையில் வைத்து, பிடிடியை அழுத்திக்கொண்டே பாருங்கள். சும்மா இருக்கும்போது பேட்டரியில் பார்க்கும் எண் எதையும் சொல்லாது. அதுவரை 10 வாட்டுக்கு இறக்கிப் பேசுங்கள்.

அலைமுகம்:
ஆன்டெனா செட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் ஆர்எஃப் (ரேடியோ அலை) உள்ளே ஏறி இப்படிச் செய்யும். தள்ளி, உயரத்தில் வையுங்கள். அப்புறம், மருந்துப் பட்டியலைக் குரலில் அனுப்பாதீர்கள். டிஜிட்டலில் போனால் எழுத்துப் பிசகாது.

மூத்தஹாம்:
2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம்கள் குரலில்தான் சேதி அனுப்பினார்கள். கணினி இல்லாமல் சேதி சொல்லத் தெரியாதவர் ஆபரேட்டரே இல்லை.

அலைமுகம்:
உயிர் பிழைத்தவர் பெயரைச் சொல்வதும் நாற்பது மருந்தை மி.கி. அளவோடு சொல்வதும் ஒன்றா? 50-ஐ 15 என்று எழுதிக்கொண்டால்?

தாமிரக்கம்பி:
ஐந்து, சுழியம் என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லி, எதிர்முனையைத் திருப்பி வாசிக்கச் சொன்னால் குரலிலும் பிசகாது. மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்ல வேண்டும். மடிக்கணினிக்கும் அந்த பேட்டரிதானே தீனி?

மூத்தஹாம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

அலைமுகம்:
மடிக்கணினிக்குச் சொந்த பேட்டரி இருக்கிறது. திருப்பி வாசிக்கும் நேரத்தில் அலைவரிசையை வேறு யாரும் பயன்படுத்த முடியாது, அதையும் பாருங்கள்.

புதுஹாம்:
10 வாட்டில் அணையவில்லை, பட்டியல் போய்விட்டது. முழு சக்தியில் செட் முனையில் 10.6 காட்டியது. தடித்த வயர் மாற்றுகிறோம். நன்றி.

இரண்டுமீட்டர்:
பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டீர்களா? தடித்த வயரில் ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும். இரண்டு கம்பியிலும் போடுங்கள்.

இரண்டுமீட்டர்:
புதுஹாம், ஃபியூஸ்?