மறு: ‘அவுட் ஆஃப் சர்வீஸ்’ – ‘பணிநீக்கம்’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களே,

சாலையோர ஆய்வுக் கையேட்டின் சொற்பட்டியலை நேற்று இரவு முழுக்கப் படித்தேன். பெரும்பாலான சொற்கள் நன்றாக வந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் அப்படியே விட மனம் வரவில்லை. ஆய்வில் பெரிய குறை கண்டால் வண்டியையோ ஓட்டுநரையோ மேலே போகவிடாமல் நிறுத்தி வைப்பதைச் சொல்லும் ‘அவுட் ஆஃப் சர்வீஸ்’ என்பதற்கு மூன்று இடங்களில் ‘பணிநீக்கம்’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் சில ஆண்டுகள் அமெரிக்காவில் ஒரு லாரி நிறுவனத்தின் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். ஒரு நாள் எங்கள் ஓட்டுநர் ஒருவரை எடை நிலையத்தில் நிறுத்தி வைத்துவிட்டார்கள். வேலைக்கு வந்து 14 மணி நேரம் கடந்த பிறகும் அவர் ஓட்டியிருந்தார், மின்பதிவுக் கருவியில் அது தெளிவாகத் தெரிந்தது. அலுவலகத்திலிருந்து தமிழ் தெரிந்த ஒருவர் அவரிடம் தொலைபேசியில், “உங்களைப் பணியிலிருந்து நீக்கியிருக்கிறார்கள்” என்று சொல்லிவிட்டார். சொன்னவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கேட்டவரோ வேலையே போய்விட்டது என்று நினைத்து, வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி இரவு முழுக்க விழித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். உண்மையில் அந்த உத்தரவு அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தொடர்ந்து 10 மணி நேர ஓய்வு. தூங்கச் சொல்லிக் கொடுத்த நேரத்தில் ஒரு சொல்லால் தூக்கம் போனது. அதை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சரி, அந்தச் சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பதை முதலில் பேசிக்கொள்வோம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றுக்கும் பொதுவான வணிக வாகனப் பாதுகாப்புக் கூட்டமைப்பு, எந்தக் குறை இருந்தால் வண்டியோ ஓட்டுநரோ அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. குறையைச் சரிசெய்துவிட்டால், அல்லது ஓட்டுநர் ஓய்வை முடித்துவிட்டால், அந்த நிலையும் முடிந்துவிடும். ஆகவே நமக்கு வேண்டிய சொல் வண்டிக்கும் ஆளுக்கும் பொருந்த வேண்டும், தற்காலிகமானது என்று காட்ட வேண்டும், வேலை போவதையோ தண்டனையையோ நினைவூட்டக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது, சொற்பட்டியலில் அது விடுபட்டிருக்கிறது. எல்லா விதிமீறலும் இந்த நிலைக்குக் கொண்டுபோகாது. டயரை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விதிப்படி முன்சக்கர டயரின் பள்ளம் குறைந்தது 4/32 அங்குல ஆழம் இருக்க வேண்டும். 3/32 இருந்தால் அது மீறல், அறிக்கையில் எழுதுவார்கள், ஆனாலும் வண்டி போகலாம். அடுத்தடுத்த இரண்டு பள்ளங்களில் 2/32-க்கும் கீழே போய்விட்டால்தான் அங்கேயே நிறுத்துவார்கள். பிரேக்கிலும் இப்படித்தான், மொத்தப் பிரேக்குகளில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ பழுதாக இருந்தால் வண்டி நகரக் கூடாது, அதாவது ஐந்து அச்சுள்ள லாரியின் பத்துப் பிரேக்குகளில் இரண்டு கெட்டிருந்தாலே போதும். மீறல் வேறு, இது வேறு. ஓட்டுநர் இந்த வேறுபாட்டை ஒரே சொல்லில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இனி, இழையில் வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

> ‘சேவைநீக்கம்’ என்றால் மூலத்துக்கு நெருக்கமாக இருக்குமே?

நெருக்கமாக இருப்பதுதான் சிக்கல் ஐயா. ஆங்கிலத்தில் ‘சர்வீஸ்’ என்பது வண்டி வேலையில் இருப்பதையும் குறிக்கும். தமிழில் ‘சேவை’ அப்படி விரியாது. சேவைநீக்கம் என்றால் தொலைபேசி இணைப்பைத் துண்டித்ததாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. தவிர, லாரிக்காரர் யாரும் தன் வண்டி சேவையில் இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை, ‘ஓடுகிறது’ என்றுதான் சொல்வார்.

> ‘சாலைவிலக்கு’ – வண்டி, ஓட்டுநர் இரண்டுக்கும் பொருந்தும்.

பொருந்தும்தான், கேட்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் வரிவிலக்கு, கட்டணவிலக்கு என்றெல்லாம் பழகிய காதுக்கு ‘விலக்கு’ ஒரு சலுகை. சாலை விதிகளிலிருந்து விலக்குப் பெற்ற வண்டி என்று ஒருவர் புரிந்துகொண்டால் பொருள் நேரெதிராகப் போய்விடும்.

> ‘ஓரங்கட்டல்’ நம் பேச்சிலேயே இருக்கிறதே அண்ணா, அதை ஏன் விடவேண்டும்?

தம்பி, எனக்கு மிகவும் பிடித்தது உங்கள் சொல்தான். “வண்டியை ஓரங்கட்டு” என்பதைக் கேட்காத ஓட்டுநரே இருக்க மாட்டார். ஆனால் ஆய்வுக்கு நிறுத்தும்போதே வண்டி ஓரங்கட்டப்பட்டுவிடுகிறது. குறையே இல்லாமல் தேறி, கூட்டமைப்பின் ஒட்டுவில்லையையும் வாங்கிக்கொண்டு போகிற வண்டியையும் முதலில் ஓரங்கட்டித்தான் பார்த்தார்கள். ஆகவே அந்தச் சொல்லை ஆய்வுக்காக நிறுத்துவதற்கு வைத்துக்கொள்வோம், அங்கே அது மிகப் பொருத்தம்.

என் பரிந்துரை: ஓட்டத்தடை.

வண்டி ஓடத் தடை, ஆள் ஓட்டத் தடை, இரண்டையும் இது தாங்கும். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் வண்டிக்கு ஓட்டத்தடை, ஓட்டுநருக்கு ஓட்டத்தடை என்று எழுதலாம். வினைகளும் இயல்பாக வந்து சேர்கின்றன: ஓட்டத்தடை விதித்தார்கள், ஓட்டத்தடை நீங்கியது, ஓட்டத்தடையை மீறி ஓட்டினார். ‘தடை’ என்றால் நிரந்தரமாகத் தோன்றாதா என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போவதை ஆண்டுதோறும் செய்தியில் படிக்கிறோம், அங்கே யாரும் அதை நிரந்தரம் என்று நினைப்பதில்லை. ஓட்டப்பந்தயத்துத் தடையோட்டத்தோடு குழம்பும் என்ற கவலையும் எனக்கு இல்லை. சொற்கள் இடம் மாறி நிற்கின்றன, சூழலும் வேறு. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், சுருக்குகிறேன் என்று யாரும் ‘ஓட்டுத் தடை’ என்று எழுதிவிட வேண்டாம், அது தேர்தலுக்குப் போய்விடும்.

இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சோதனையா ஆய்வா என்ற பழைய கேள்விக்கு என் வாக்கு ஆய்வுக்கே. சோதனை என்றதும் ஏதோ துன்பம் வந்தது போலவும், வீடு புகுந்து தேடுவது போலவும் ஒரு பயம் ஒட்டிக்கொள்கிறது. ஆய்வாளர் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அவர் செய்வது ஆய்வு.

இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு எழுதுவதற்குக் காரணம், இது சாலையோரத்தில் முதன்முதலாகக் கேட்க வேண்டிய சொல் இல்லை என்பதுதான். நம் கையேட்டின் நோக்கமே ஓட்டுநரையும் நிறுவனத்தையும் முன்கூட்டி ஆயத்தப்படுத்துவது. கூட்டமைப்பு 1988 முதல் ஆண்டுதோறும் தொடர்ந்து 72 மணி நேரம் பெரிய அளவில் சாலையோர ஆய்வு நடத்துகிறது. பல நிறுவனங்கள் அந்த மூன்று நாளுக்கு மட்டும் வண்டிகளைத் துடைத்துச் சரிபார்க்கின்றன. மற்ற நாள்களிலும் ஆய்வாளர்கள் சாலையில்தான் நிற்கிறார்கள், பிரேக்கும் அந்தத் தேதிக்காகக் காத்திருந்து தேய்வதில்லை. காலையில் வண்டியைச் சுற்றிவருகிற ஓட்டுநர், “இது வெறும் மீறலா, ஓட்டத்தடையா?” என்று தன்னையே கேட்கப் பழகிவிட்டால், எதை உடனே பட்டறைக்குச் சொல்ல வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும். சொல்லிய பிறகு, வண்டி வெளியே போகும் முன் அதைச் சரிசெய்து தருவது நிறுவனத்தின் கடமை, அதையும் கையேட்டில் அழுத்தமாக எழுத வேண்டும். மீறல் என்று எழுதிய சின்னக் குறைகளையும் தள்ளிப்போடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை, இன்றைய 3/32 கொஞ்ச நாளில் 2/32-க்குக் கீழே போகும்.

அதனால், புறப்படுமுன் பார்க்கும் பட்டியலில் ஓட்டத்தடைக்கு உரியவற்றைத் தடித்த எழுத்தில் போடலாம் என்று நினைக்கிறேன். பிரேக் பகுதிக்கு ஒரு மாதிரி:

“சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். காற்றழுத்தம் 90 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை இருக்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் பிரேக்கை முழுக்க மிதிக்க, இன்னொருவர் காற்றறையிலிருந்து (பிரேக் சேம்பர்) தள்ளுதண்டு (புஷ்ராட்) எவ்வளவு வெளியே வருகிறது என்று அளக்க வேண்டும். வழக்கமான 30-ஆம் வகைக் காற்றறையில் அது 2 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டிய பிரேக்குகள் ஐந்தில் ஒரு பங்கை எட்டினால் ஓட்டத்தடை.”

தள்ளுதண்டு நான் போட்ட சொல், ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள். பிரேக் இடைவெளியைச் சரிசெய்யும் ஸ்லாக் அட்ஜஸ்டரின் பெயரை அப்படியே விட்டிருக்கிறேன். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், அதற்குப் புதுச்சொல் தந்தால் உதிரிபாகம் கேட்கப் போகிறவர்தான் திண்டாடுவார்.

பட்டியலில் ‘பணிநீக்கம்’ வரும் மூன்று இடங்களையும் வெள்ளிக்கிழமை இரவு மாற்றிவிடுகிறேன். ஓட்டத்தடையைவிடப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் அதற்குள் எழுதுங்கள். முடிந்தால் எழுதும் முன் ஓர் ஓட்டுநரிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்