மாமனாரின் சொந்த ஊரைத் தேடிப் போன கதை

என் கணவர் ஆங்கிலேயர். கல்யாணமான புதிதில் அவருடைய அப்பாவிடம், "உங்களுக்குச் சொந்த ஊர் எது மாமா?" என்று கேட்டேன். "லண்டன்" என்றார். அதற்கு முன்னால்? "நார்ஃபோக் பக்கம் எங்கேயோ. பண்ணைக் கூலிகள்." அவ்வளவுதான் தெரியும். குலதெய்வக் கோயில் எந்த ஊரில் இருக்கிறது என்றாவது சொல்லிப் பழகிய எனக்கு இது பொறுக்கவில்லை. தேட ஆரம்பித்தேன், இரண்டு வருடம் ஓடிவிட்டது.

1837 ஜூலை வரை பின்னோக்கிப் போவது சுலபம். அப்போதிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசாங்கப் பதிவில் இருக்கின்றன. அதற்கு முந்தியதெல்லாம் சர்ச் கணக்கு. ஒவ்வொரு பாரிஷும் (ஒரு சர்ச்சின் கீழ் வரும் ஊர்ப்பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க வேண்டும் என்று 1538-இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டார். பிறந்த தேதியை எழுதச் சொல்லவில்லை, ஞானஸ்நானத் தேதியைத்தான் எழுதச் சொன்னார். இதை நான் பலமுறை மறந்து குழம்பியிருக்கிறேன்.

1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாமாவின் முப்பாட்டனாருக்கு வயது 63, பிறந்த பாரிஷ் பெயரும் இருந்தது. 1841-இல் வயது 50 என்று போட்டிருந்தது. பயப்பட வேண்டாம், 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்ன வருடம் அது. ஆக, 1788 வாக்கில் பிறந்திருக்க வேண்டும். இணையத்தில் அந்த பாரிஷைத் தட்டினேன். அதே பெயரில் ஒரு குழந்தைக்கு 1788-இல் ஞானஸ்நானம். துள்ளிக் குதித்து வம்சாவளி மரம் வரைந்து, சட்டம் போட்டு, மாமாவின் பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்தேன். கேக் வெட்டும்போது எல்லாரும் அதைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

மூன்று மாதம் கழித்து வேறு யாரையோ தேடும்போது அதே பாரிஷின் அடக்கப் பதிவேடு கண்ணில் பட்டது. அந்தக் குழந்தை மூன்றே வாரத்தில் இறந்திருந்தது. செத்துப்போன பச்சைக் குழந்தைக்கு நான் ஐந்து தலைமுறை சந்ததி எழுதியிருக்கிறேன்! யாராவது கிடைத்துவிட்டால் முதலில் அடக்கப் பதிவேட்டைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

அப்புறம் நார்ஃபோக்கின் முக்கிய நகரமான நாரிச்சில் இருக்கும் ஆவணக் காப்பகத்துக்கே போனேன். பக்கத்து பாரிஷ்களின் மைக்ரோஃபிலிமை ஒவ்வொரு பக்கமாக உருட்டினேன். மூன்றாவது பாரிஷில் முப்பாட்டனார் கிடைத்தார். இணைய அட்டவணையில் ஏன் வரவில்லை என்றால், அந்தப் பாதிரியார் எழுதும் 'எஸ்' பார்ப்பதற்கு 'எல்' மாதிரியே இருக்கும். அதைப் பார்த்து அட்டவணைக்கு எழுதியவர் 'எல்' என்றே போட்டுவிட்டார். பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில் சின்னதாக ஒரு 'பி'. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி இருந்தது. பரம ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. அந்த 'பி'க்கு இதுதான் அர்த்தம்: 'பாப்பர்', அதாவது பரம ஏழை.

அந்தக் கால நார்ஃபோக் பதிவேடுகளில் ஒரு நல்ல பழக்கம், தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் பலமுறை எழுதிவிடுவார்கள். அதை வைத்துப் பெற்றோரின் திருமணத்தைப் பிடித்தேன். சர்ச்சில் மூன்று முறை ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து நடந்த கல்யாணம். 1754-க்குப் பிறகு மாப்பிள்ளையும் பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டும்; தெரியாதவர்கள் கீறல் போடலாம். இரண்டு பேரும் கீறல்தான். அவருடையது நேரான சிலுவை. அவளுடையது பாதியில் நடுங்கி, முனையில் ஒரு மைத்துளியோடு நின்றுவிட்டது. அந்தத் துளியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

சரி, அந்த மாப்பிள்ளை எந்த ஊர்? அந்த பாரிஷில் அவருக்கு ஞானஸ்நானமே இல்லை. விடை பதிவேட்டில் கிடைக்கவில்லை, ஏழை நிவாரணக் காகிதக் கட்டில் கிடைத்தது. 1662 சட்டத்துக்குப் பிறகு, வறுமையில் விழுந்தால் உங்களுக்கு எந்த பாரிஷ் சோறு போட வேண்டும் என்பதே பெரிய வழக்கு. கல்யாணமாகாதவர் ஒரு பண்ணையில் முழு வருடம் வேலைக்கு இருந்தால் அந்த ஊர்க்காரர் ஆகிவிடுவார். அதனாலேயே 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுக்கும் பண்ணையார்கள் இருந்தார்கள்! இவரையும் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். இவர் எந்த ஊர்க்காரர் என்ற விசாரணையில் இவர் சொன்னதை ஒரே பக்கத்தில் எழுதியிருந்தார்கள்: அப்பாவின் ஊர், யாரிடம் எத்தனை நாள் வேலை, என்ன கூலி. கடைசியில் அப்பாவின் ஊருக்கே திருப்பி அனுப்ப உத்தரவு. சொந்த ஊர் கிடைத்துவிட்டது.

*

அக்கா, உங்கள் கதையைப் படித்தேன், எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். என் மனைவி வழியில் 1730 மே மாதம் ஒரு கல்யாணம், மூத்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் 1730 பிப்ரவரி. "உங்க பாட்டி கொஞ்சம் அவசரக்காரி" என்று மாமியாரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இங்கிலாந்தில் 1752-க்கு முன்னால் மார்ச் 25-இல்தான் புதுவருடம் பிறந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. மேக்கு அப்புறம் வந்த பிப்ரவரி அது! மாமியார் இன்னும் குத்திக்காட்டுகிறார்.

*

அக்கா, நான் இன்னொரு வாசகன். நாங்கள் சென்னை ஆங்கிலோ இந்தியர்கள். எங்கள் முன்னோரின் கல்யாணம் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் நடந்தது. அந்தப் பதிவுகளின் நகல் அந்தக் காலத்தில் லண்டனுக்குப் போகும். இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் அதில் 'படைவீரர்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு ஆள் சேர்த்த பேரேட்டில்தான் ஊர் கிடைத்தது. அதன்பின் இங்கிலாந்து பாரிஷ் பதிவேடு. அக்கா, அந்தச் சட்டம் போட்ட மரம் என்ன ஆயிற்று?

*

இன்னும் கூடத்தில்தான் தொங்குகிறது தம்பி. கழற்ற மாமா விடவில்லை. அந்தக் குழந்தையின் பெயர்மேல் ஒரு மஞ்சள் தாளை ஒட்டி, சரியான ஊரைத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார்.