ஒரே க்யூஆர் கோடு, ரெண்டு சாதனம்: இது ரெண்டு படியா?

பழைய_மோடம்: பாஸ்வேர்டுக்கு அப்புறம் ஓடிபியும் கேக்கிற ரெண்டு படி லாகினுக்கு, ஓடிபி ஆப்ல ஒரு க்யூஆர் கோடை ஸ்கேன் பண்றோம்ல, அதைப் பத்தி பக்கத்து இழையில நிரல்வீரன் திருவாய் மலர்ந்திருக்கார்: "ஒரே க்யூஆர் கோடை போன்லயும் லேப்டாப்லயும் ஸ்கேன் பண்ணி வச்சுக்கலாம், பாதுகாப்பு ஒண்ணும் குறையாது." அதுக்கு லைக் வேற குவியுது. பாஸ்வேர்டு சேமிச்சு வச்சிருக்கிறதும் அதே லேப்டாப், ஓடிபி வர்றதும் அதே லேப்டாப். அப்புறம் ரெண்டாவது படி எங்கய்யா?

நிரல்வீரன்: பேர் சொல்லி இழுத்ததுக்கு நன்றி அண்ணே. இந்த ஓடிபி எப்படி உருவாகணும்னு சொல்ற தர ஆவணம், 2011-ல வந்த ஆர்எஃப்சி 6238-ஐ ஒரு தடவை புரட்டிட்டு வாங்க. க்யூஆர் கோடுக்குள்ள இருக்கிற ரகசிய சாவியும் நேரமும் சேர்ந்து 30 வினாடிக்கு ஒரு எண். அவ்வளவுதான் சங்கதி. சாவி எத்தனை சாதனத்துல இருந்தாலும் வர்ற எண் ஒண்ணுதான். நெட் கூட வேண்டாம், ஏரோப்ளேன் மோடுலயும் வரும்.

பழைய_மோடம்: ஏரோப்ளேன் மோடைப் பத்தி யார் கேட்டா? லேப்டாப்ல மால்வேர் புகுந்தா பாஸ்வேர்டும் போச்சு, சாவியும் போச்சு. அதுக்கு பதில் சொல்லுங்க.

தென்றல்22: எதுக்கு இவ்வளவு ரகளை? ஓடிபியை எஸ்எம்எஸ்ல வாங்கிட்டுப் போக வேண்டியதுதானே.

காகிதப்புலி: நல்லா வாங்குங்க. 2019-ல ட்விட்டர் தலைவர் ஜாக் டோர்சியோட கணக்குலயே கண்டவன் ட்வீட் போட்டான். அவர் நம்பரை வேற சிம்முக்கு மாத்திக் கொடுத்ததே மொபைல் கம்பெனிதான். நம்பர் போனா எஸ்எம்எஸ்ஸும் போச்சு.

தென்றல்22: அவர் பெரிய ஆள். என் கணக்கை வச்சு எவன் என்ன பண்ணப் போறான்?

நிரல்வீரன்: @பழைய_மோடம் தனி போன்ல வச்சா மட்டும்? போலி லாகின் பக்கத்துல அந்த ஆறு இலக்கத்தை நீங்களே டைப் பண்ணிக் கொடுத்தா, அடுத்த நொடி அவன் நிஜப் பக்கத்துல போட்டு உள்ள போயிடுவான். சாவி எங்க இருக்குன்னு பார்த்தா திருடன் வர்றான்?

பழைய_மோடம்: அது வேற திருட்டு. நான் கேட்டது லேப்டாப்.

சும்மா_ஒருத்தன்: எந்தத் தாக்குதலைத் தடுக்கணும்னு முதல்ல ஒரு வரி முடிவு பண்ணிட்டு அடிச்சுக்கலாமே?

பழைய_மோடம்: நீங்க சும்மா இருங்க. போன வருஷம் பாஸ்வேர்டு மேனேஜர் இழையிலயும் இவர் இப்படித்தான் பேச்சை மாத்தினார். கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல.

நிரல்வீரன்: அந்த இழையை நீங்க அட்மின்கிட்ட புகார் பண்ணி மூட வச்சீங்க. மூடின இழையில நான் எப்படி பதில் போடறது?

பழைய_மோடம்: மூடினது உங்க வாய்த்துடுக்குக்கு.

மின்மினி: போன் தொலைஞ்சு ஒரு கணக்கை மொத்தமா இழந்தவ நான். ரீசெட் பண்ண அடையாள அட்டை அனுப்பினேன், ஆட்டோ ரிப்ளை தவிர ஒண்ணும் வரல. இப்ப சாவி ரெண்டு சாதனத்துல இருக்கு. போன் இல்லாட்டியும் உள்ள போக உதவுற பேக்கப் கோடுகளை பிரிண்ட் எடுத்து பீரோவுல வச்சிருக்கேன்.

நிரல்வீரன்: கேட்டுக்கோங்க அண்ணே. நிஜத்துல நடக்கிறது இதுதான்.

பழைய_மோடம்: பேக்கப் கோடு இருக்குல்ல? அப்ப லேப்டாப்ல சாவி எதுக்கு? சகோதரி என் கட்சி.

மின்மினி: நான் எந்தக் கட்சியும் இல்ல.

காகிதப்புலி: கூகுளோட ஓடிபி ஆப் ஆத்தென்டிகேட்டரே 2023-ல சாவியை கணக்கோட ஒத்திசைக்க ஆரம்பிச்சாச்சு. இவர் இன்னும் லேப்டாப்பைக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கறார்.

பழைய_மோடம்: ஆரம்பிச்சப்போ அந்த ஒத்திசைவுல எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் (நடுவுல கூகுளால கூட படிக்க முடியாத பூட்டு) இல்லைன்னு எழும்பின கூச்சல் ஞாபகம் இல்லையா? கூகுள் செஞ்சா வேதவாக்கா?

நிரல்வீரன்: இவ்வளவு பயம்னா ஓடிபிக்கு பதிலா கம்ப்யூட்டர்ல செருகுற யூஎஸ்பி செக்யூரிட்டி கீ வாங்கி கழுத்துல மாட்டிக்கோங்க. போலி தளத்துல அது வேலையே செய்யாது.

பழைய_மோடம்: வாங்கி ரொம்ப நாளாச்சு தம்பி. நீங்க க்யூஆர் கோடை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து கேலரியில வச்சிருக்கிற ஆள்னு இங்க எல்லாருக்கும் தெரியும்.

நிரல்வீரன்: அது டெஸ்ட் கணக்கு! எத்தனை இழையில இதையே இழுப்பீங்க?

தென்றல்22: ஸ்க்ரீன்ஷாட் எடுத்தா தப்பா? நான் எல்லாத்தையும் அப்படித்தான் வச்சிருக்கேன்.

பழைய_மோடம்: பாருங்க, சிஷ்யர் வந்தாச்சு.