கொங்குச் சாலைகளில் டர்போ ஹேட்ச்பேக்: ஓட்டுகிறவர்கள் சொல்லுங்கள்

சூலூர், கோவை

நம் ஊரில் யார் புது வண்டி எடுத்தாலும் முதலில் மைலேஜ் கேட்பார்கள், அப்புறம் வித்தால் என்ன விலைக்குப் போகும் என்பார்கள். டீசல் இன்னோவாவும் பொலிரோவும் இந்தப் பக்கம் இவ்வளவு ஓடுவது அதனால்தான். அதே காசுக்கு ஒரு எஸ்யூவி கிடைக்கும்போது நாலு மீட்டருக்குள் அடங்கும் ஹேட்ச்பேக்கை (டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிராத சின்ன காரை) வாங்கினால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? "இத்தனை காசுக்கு இன்னுங்கொஞ்சம் உசரமான வண்டியா எடுத்திருக்கலாமுங்க மாப்ளே" என்றார் என் மாமா.

என்னுடையது ஹூண்டாய் ஐ20 என் லைன், ஆறு கியர் மேனுவல். ஒரு லிட்டர் டர்போ இன்ஜின், அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சின்னச் சக்கரம் வைத்தது. 120 பிஎஸ் (குதிரைத்திறன்) பவர், 172 என்எம் டார்க் (இழுவை). இந்த டார்க் இன்ஜின் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும்போதே முழுதாகக் கிடைக்கிறது, 4000 வரை குறையாமல் நிற்கிறது. அதன் அருமை பல்லடம், தாராபுரம் ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். முன்னால் கோழித் தீவன லாரி, அதற்கு முன்னால் நூல் மூட்டை லாரி, எதிரே எம்சாண்ட் டிப்பர். டர்போ இல்லாத சின்ன வண்டியில் இரண்டு கியர் இறக்கி, இன்ஜினை அலற விட்டுத்தான் முந்த வேண்டும். இதில் மூன்றாவது கியரில் 50ல் போய்க்கொண்டிருந்தால் போதும், மிதித்த இடத்திலிருந்தே இழுக்கிறது. எதிர்த்தடத்தில் நாம் நிற்கும் நேரம் குறைகிறது. நூறுக்கு மேல் எவ்வளவு போகும் என்பதை விட 50லிருந்து 80க்கு எவ்வளவு சீக்கிரம் போகும் என்பதுதான் எனக்கு முக்கியம். இந்த வண்டியை வாங்கச் சொல்லி ஒருவரிடம் பேசினால் இதை மட்டும்தான் பேசுவேன்.

ஆடிக் காற்றையும் சொல்ல வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று உடுமலை, தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிற மாதங்களில் உயரமான வண்டிகள் பக்கவாட்டில் தள்ளாடும். தாழ்வான ஹேட்ச்பேக் நேராகப் போகிறது, ஸ்டீயரிங்கைப் பிடித்துப் போராட வேண்டியதில்லை.

சரி, இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர். மோட்டார் பம்ப்செட் பாகங்கள் கடைந்தே காலத்தைக் கழித்தவர். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தியபோது பானெட்டைத் திறக்கச் சொன்னார். "ஒரு லிட்டர்ல 120ஆ? எங்க காலத்துல இந்தப் பவருக்கு ரெண்டு லிட்டர் இன்ஜின் வேணும் கண்ணு" என்றார். டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும் என்றேன். வியந்துபோய்ப் பாராட்டுவார் என்று நினைத்தால், உடனே பேரிங்கைப் பற்றிக் கேட்டார். பெரும்பாலான டர்போக்களில் பால் பேரிங் கிடையாது, ஆயில் படலத்தில் மிதக்கும் புஷ்தான் என்று சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப ஆயில்தான் பேரிங். ஆயில் கருத்துப் போச்சுன்னா ஷாஃப்ட் போச்சு. மலை ஏறி எறங்குனதும் பட்டுனு ஆஃப் பண்ணாத. ஆயில் ஓட்டம் நின்னுரும், சூடு அங்கேயே நிக்கும்" என்றார். டர்போவை அவர் கையில் தொட்டதே இல்லை. சுழலும் எந்திரத்தை அறிந்தவருக்கு அது தேவைப்படவும் இல்லை. நல்ல சிந்தெடிக் ஆயில், நேரத்துக்கு மாற்றுவது, கடும் ஓட்டத்துக்குப் பின் ஒரு நிமிடம் ஐடிலில் விடுவது என்று கையேட்டில் படித்ததெல்லாம் அவர் சொன்ன பிறகுதான் எனக்கு ஏனென்று புரிந்தது.

இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் உங்கள் பக்கத்து அனுபவத்தைச் சொல்லுங்கள். யாரைச் சந்தித்தீர்கள், வண்டி எங்கே கை கொடுத்தது, எங்கே சோதித்தது?

பொள்ளாச்சி

தென்னந்தோப்பு வைத்திருப்பவன் என்பதால் என் கவலை இட்டேரிதான் (தோட்டத்துக்குப் போகும் வேலியோர மண் தடம்). மழை பெய்தால் நடுவில் மண் மேடு எழும்பி இரண்டு பக்கமும் பள்ளமாகிவிடும். "இது சாளை வரைக்கும் வருமா?" என்று அப்பா கேட்டார், சாளை என்றால் தோட்டத்து வீடு. ஒரு சக்கரத்தை மேட்டிலும் இன்னொன்றை வேலியோரமும் வைத்து மெதுவாகப் போனால் வரும். தேங்காய் மூட்டைக்கு மட்டும் பழைய பிக்கப்தான்.

ஆனால் ஆழியாறில் ஏற ஆரம்பித்தால் இந்த வண்டி வேறு வண்டி. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் இரண்டாவது கியர், வெளியே வரும்போது இழுவை தயாராக இருக்கிறது. உயரம் போகப் போகக் காற்று மெலிவதால் சாதாரண இன்ஜின் மூச்சு வாங்கும். 2240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதால் அந்தக் குறையில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது. மேட்டுப்பாளையத்தில் இருந்த இழுவை குன்னூரிலும் இருப்பது இதனால்தான்.

ஒரு முறை இறங்கி வரும்போது ஒன்பதாவது வளைவுக்கு மேல் ஒரு அரசுப் பேருந்து ஓட்டுநர் கை காட்டி முந்த விட்டார். கீழே ஆழியாறில் டீ குடிக்கும்போது அவரே வந்து பேசினார். "வளைவுல ஹாரன் அடிச்சு, மேல ஏறுற வண்டிக்கு வழி விட்டு வந்தீங்க. வேகமான வண்டிக்காரங்க பாதிப் பேர் அதச் செய்யறதில்லைங்க" என்றார். எனக்கு அது இன்ஜினைப் பற்றிக் கேட்ட எந்தப் பாராட்டையும் விடப் பெரிதாக இருந்தது. மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. நம்மிடம் பவர் இருக்கிறது என்பதற்காக அது மாறாது. சிங்கவால் குரங்குகள் கடக்கும் ரோடு அது, புதுத்தோட்டம் பக்கம் 30க்கு மேல் போகவே வேண்டாம்.

திருப்பூர்

ஆட்டோமேட்டிக் எடுக்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். என்ன கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. ஏழு கியர் டூயல் கிளட்ச் (இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்யும் ஆட்டோமேட்டிக்), உலர் கிளட்ச் வகை. பனியன் கம்பெனி ஷிஃப்ட் முடியும் நேரத்தில் புஷ்பா தியேட்டர் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தபோது கியர்பாக்ஸ் சூடு என்று டிஸ்ப்ளேயில் எச்சரிக்கை வந்தது. சர்வீஸ் சென்டரில் முதலில் சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு அனுப்பினார்கள். மறுபடியும் வந்தது. பிறகு வாரண்டியில் கிளட்சை மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்கு நான் நிறையப் பேச வேண்டியிருந்தது.

கிளட்ச் மாற்றிய மெக்கானிக் பையன் நல்ல விஷயம் ஒன்று சொன்னான். ஈரக் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருக்கும், ஆயில் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். உலர் கிளட்சுக்கு வெறும் காற்றுதான். வண்டி ஊர்ந்தால் கிளட்ச் பாதி ஒட்டி பாதி வழுக்கிக்கொண்டே இருக்கிறது, சூடு போக வழியில்லை. அதனால் முன்வண்டிக்கும் நமக்கும் இடைவெளி விழும் வரை பிரேக்கில் நின்று, பிறகு ஒரே நகர்வாக நகர வேண்டும். மேட்டில் ஆக்சிலரேட்டரால் வண்டியைத் தாங்கிப் பிடிக்கவே கூடாது. அப்படி ஓட்ட ஆரம்பித்த பிறகு எச்சரிக்கை வரவில்லை. திறந்த ரோட்டில் அந்தக் கியர்பாக்ஸ் மாதிரி சுகம் வேறில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் டவுன் நெரிசல்தான் என்றால் மேனுவல் எடுங்கள்.

ராசிபுரம்

என்னுடையது ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2020க்குப் பிறகு வந்த ஒரு லிட்டர் டர்போ மாடல். 110 பிஎஸ், டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக் (உலர் கிளட்சுக்குப் பதில் ஆயில் வழியே இழுவையைக் கடத்துவது), அதனால் திருப்பூர் நண்பர் சொன்ன பிரச்சினை எனக்கு இல்லை. 2022ல் போலோவையே இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள், நான் செகண்ட்ஸில்தான் வாங்கினேன். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 வளைவுகள், நண்பர்களே. இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் மேனுவல் மோடில் கியரை இறக்கி இன்ஜினையே பிடிக்க விடுங்கள். என் அப்பா லாரி ஓட்டியவர். "டர்போ எல்லாம் லாரிக்கு எப்பவோ வந்துருச்சு, நீங்க இப்பத்தான் கார்ல கண்டுபுடிச்ச மாதிரி பேசறீங்க" என்பார். அவர் சொல்வது சரிதான்.

கோபிசெட்டிபாளையம்

பெண்கள் யாரும் இன்னும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன். கல்லூரியில் பாடம் எடுக்கிறேன், தினமும் ஈரோட்டுக்குப் போய் வருகிறேன். பங்க்கில் நிறுத்தினால் "சார் வண்டிங்களா மேடம்?" என்று கேட்காத ஆள் இல்லை. என் வண்டிதான், என் சம்பளத்தில் வாங்கியது. ஒரு தடவை கவுந்தப்பாடி அருகே போக்குவரத்துக் காவலர் நிறுத்தி சைலன்சர் மாற்றியிருக்கிறீர்களா என்று கேட்டார். கம்பெனியிலிருந்தே இரட்டைக் குழாயோடுதான் வருகிறது என்று காட்டினேன். கீழே குனிந்து பார்த்துவிட்டு, "என் பொண்ணும் இதத்தான் கேக்குறா" என்று சிரித்தார். அதற்குப் பிறகு பத்து நிமிடம் அவர் மகளுக்கு ஓட்டுநர் பயிற்சி பற்றித்தான் பேசினோம்.

குறையும் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, தாழ்வான சீட்டில் உட்காருவதும் எழுவதும் கஷ்டம். முன் சீட்டை ஏற்றி, கதவை முழுதாகத் திறந்து, முதலில் உட்கார்ந்த பிறகு காலை உள்ளே எடுத்து வைக்கச் சொல்கிறேன். பின் சீட்டில் அம்மாவை உட்கார வைப்பதே இல்லை. ஊருக்கு ஊர் போட்டிருக்கும் வேகத்தடைகளில் பெயிண்டும் இருக்காது, இரவில் தெரியவே தெரியாது. கெட்டி சஸ்பென்ஷனில் அது நேரே முதுகுத்தண்டுக்கு வரும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதை ஏறுகிறவர்களுக்கு ஒன்று. 27 வளைவுகளும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரிக்காக யானை ரோட்டுக்கு வரும். கரும்பு லாரி முன்னால் போனால் நெருங்காமல் நில்லுங்கள். அங்கே முந்துவதற்கு எந்த டர்போவும் தேவையில்லை.

காங்கேயம்

இருபது சதவீத எத்தனால் பெட்ரோல் பற்றி யாரும் பேசவில்லை. எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், டர்போ இன்ஜினில் நாக்கிங் (எரிபொருள் நேரம் தவறித் தானே வெடிப்பது) வராமல் இருக்க அது உதவுகிறது. பழைய மாடல் வாங்குகிறவர்கள் அந்த வண்டி இந்தப் பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீளமேடு, கோவை

நம் சின்ன டர்போ வண்டிகள் உண்மையான ஹாட் ஹேட்ச் (வேகத்துக்கென்றே செய்த ஹேட்ச்பேக்) இல்லை என்று சிலர் சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1976ல் விற்பனைக்கு வந்த, ஹாட் ஹேட்சுக்குப் பேர்போன ஃபோக்ஸ்வேகனின் முதல் கோல்ஃப் ஜிடிஐயின் பவர் 110 பிஎஸ்தான். வண்டி எடை குறைவு என்பது உண்மை, ஆனாலும் எண்ணைப் பாருங்கள். இப்போதைய கோல்ஃப் ஜிடிஐ 265 பிஎஸ், 2025ல் இறக்குமதியாக இங்கே வந்தது, விலை ஐம்பது லட்சத்துக்கு மேல். நமக்கு ஒரு லிட்டர், 1.2 லிட்டர் என்றே கிடைப்பதற்குக் காரணம் வரி. நாலு மீட்டருக்குள் நீளம், 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. டாடா ஆல்ட்ராஸ் ரேசரும் 2024ல் 120 பிஎஸ்ஸோடு வந்தது இந்த எல்லைக்குள்தான்.

முழு வேகம் பார்க்க ஆசை உள்ளவர்களுக்கு நம் ஊரிலேயே இடம் இருக்கிறது. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற பந்தயத்தடம், 2003ல் திறந்தது. 1995ல் விமான விபத்தில் இறந்த கரிவரதன் பெயரில் இருக்கிறது. பந்தயக் கார்களை இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய மனிதர் அவர். 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர். இவ்வளவு பின்னணி உள்ள ஊரில் அவிநாசி ரோட்டு மேம்பாலத்தில் வேகம் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

கரியில் சொந்த வண்டியை ஓட்ட விடும் ஒரு ட்ராக் நாளில், பக்கத்துப் பிட்டில் (வண்டி நிறுத்தும் இடத்தில்) இருந்தவர் பெரிய ஜெர்மன் செடான் கொண்டு வந்திருந்தார். மதியத்துக்குள் அவர் பிரேக் வாசம் எங்கள் வரை வந்தது. என் வண்டி எடை குறைவு என்பதால் பிரேக் மிதி கடைசி வரை ஒரே மாதிரி இருந்தது. அவர் வந்து என் வண்டியில் பயணியாக ஒரு சுற்று வந்தார். இறங்கியதும் டீலர் நம்பர் கேட்டார். போகிறவர்கள் பிரேக் ஃப்ளூயிடை முதலில் மாற்றிக்கொள்ளுங்கள், பழைய ஃப்ளூயிடில் ஈரம் சேர்ந்து கொதிநிலை குறைந்திருக்கும்.

சூலூர், கோவை

எல்லோருக்கும் நன்றி. கோபி அக்கா சொன்னதைப் படித்ததும் என் மாமாவை முன் சீட்டில் ஏற்றிப் போனேன், சீட் உயரத்தைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார். 17 இன்ச் வீல் போடலாமா என்று தனியாகக் கேட்டவருக்குப் பதில்: என் லைனில் வருவது 195/55 ஆர்16, அதாவது 16 இன்ச் வீல். டயர் பக்கச்சுவர் சுமார் 107 மில்லிமீட்டர். வீலைப் பெரிதாக்கினால் அந்த ரப்பர்தான் குறையும், நம் ரோட்டுக் குழியில் ரிம் வளையும். 16லேயே நல்ல டயராகப் போடுங்கள். காற்றழுத்தத்தைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள், ஓடிச் சூடான பிறகு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.