கழிவுநீர் நிலையத்தின் நைட்ரஸ் ஆக்சைடு: கணக்கிடுவதா, அளப்பதா?

கேள்வி

வணக்கம். ஒரு லட்சம் பேரின் கழிவுநீரைப் பெறும், நைட்ரஜன் நீக்கும் வசதியும் கொண்ட சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் பசுங்குடில் வாயுக் கணக்கைத் தயாரித்து வருகிறேன். இத்தகைய நிலையங்களில் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 3.2 கிராம் நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுவதாகக் கொள்ளலாம் என்கிறது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டி. அதன்படி எங்கள் கணக்கு ஆண்டுக்கு 320 கிலோவோடு முடிந்துவிடுகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ உள்வரும் நைட்ரஜனில் 1.6 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறுவதாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 12 கிராம் நைட்ரஜன் என்று வைத்துப் பெருக்கி, நைட்ரஜன் எடையை நைட்ரஸ் ஆக்சைடு எடையாக மாற்றினால் (44/28) ஆண்டுக்கு 11 டன் வருகிறது. முப்பது மடங்குக்கும் மேலான வேறுபாடு! எதை ஏற்பது? ஒரு வாரம் மாதிரி எடுத்து நாங்களே அளந்துவிட்டால் போதுமா?

மறுமொழி 1

அறிக்கைக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 3.2 கிராம் என்பது அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஒரே ஒரு சிறு நிலையத்தில் எடுத்த அளவீட்டிலிருந்து வந்தது. நைட்ரஜன் நீக்கத்துக்கென வடிவமைக்கப்படாத அந்த நிலையத்தின் எண்ணை உங்கள் நிலையத்துக்குப் பொருத்துவதில் பொருளில்லை. அதற்காக 1.6 விழுக்காட்டை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டாம். அது பல நிலையங்களின் அளவீடுகளிலிருந்து பெற்ற பொதுமதிப்பு. தனித்தனி நிலையங்கள் சுழிக்கு அருகிலிருந்து நான்கு விழுக்காடு வரை சிதறிக் கிடக்கின்றன.

ஒரு வாரம் போதாது. நெதர்லாந்தில் ராட்டர்டாம் அருகே உள்ள கிராலிங்சேவீர் நிலையத்தில் 2010 இறுதியில் தொடங்கி ஓராண்டுக்கும் மேலாக இடைவிடாமல் அளந்தபோது, சராசரியாக உள்வரும் நைட்ரஜனில் 2.8 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாக வெளியேறியது. ஆனால் அந்த அளவு ஒரே சீராக இல்லாமல் பருவத்துக்குப் பருவம் பெரிதும் ஏறி இறங்கியது. எந்த வாரத்தில் அளந்தீர்கள் என்பதே விடையைத் தீர்மானித்துவிடும். ஹெல்சிங்கியின் வீக்கின்மாக்கி நிலையத்தில் நீண்டகாலம் அளந்து கண்டது 1.9 விழுக்காடு. அந்நிலையம் பாறையைக் குடைந்து நிலத்தடியில் கட்டப்பட்டிருப்பதால் காற்று முழுவதையும் புகைபோக்கியிலேயே பிடித்து அளக்க முடிகிறது. அந்தக் கொடுப்பினை திறந்த தொட்டிகளுக்கு இல்லை.

மறுமொழி 2

திறந்த தொட்டியில் இரண்டு வழிகள் நடைமுறையில் உள்ளன. நீர்ப்பரப்பில் மிதக்கும் மூடியை வைத்து, அதற்குள் சேரும் வாயுவை அகச்சிவப்புப் பகுப்பாய்வுக் கருவிக்கு அனுப்புவது ஒன்று. காற்றூட்டும் பகுதியில் புளோயர் தள்ளும் காற்றின் அளவே வாயுவின் ஓட்டத்தைத் தந்துவிடும். காற்றூட்டாத பகுதியில் மூடிக்குள் தெரிந்த அளவு காற்றைச் செலுத்தித்தான் கணக்கிட இயலும். தொட்டியின் தொடக்கமும் முடிவும் ஒன்றுபோல் நடப்பதில்லை என்பதால், ஓரிடத்து மூடியை வைத்து முழுத் தொட்டியையும் மதிப்பிடக் கூடாது.

மற்றொன்று, நீரில் கரைந்துள்ள நைட்ரஸ் ஆக்சைடை அளக்கும் உணரி. இது ஆண்டு முழுவதும் இயங்கும், ஆனால் தருவது நீரிலுள்ள செறிவை மட்டுமே. அது காற்றுக்குச் செல்லும் வேகத்தை வெப்பநிலையையும் காற்றூட்ட அளவையும் கொண்டு நீங்கள்தான் கணக்கிட வேண்டும். தவறு நுழைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

எந்த வழியில் சென்றாலும், கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, நைட்ரைட், காற்றோட்டம் ஆகியவற்றையும் அதே நேர முத்திரையுடன் பதிந்து வையுங்கள். ஆக்சிஜன் குறைந்து நைட்ரைட் தேங்கும் வேளையில் அம்மோனியாவை உண்ணும் நுண்ணுயிர்களே நைட்ரைட்டை நைட்ரஸ் ஆக்சைடாக மாற்றத் தொடங்கும். இந்தப் பதிவுகள் இல்லாவிட்டால் வெளியேற்றம் ஏறியது தெரியும். ஏன் ஏறியது என்பது தெரியாது.

மின்சாரத்தைச் சேமிக்க ஆக்சிஜனைக் குறைக்கச் சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். நைட்ரஸ் ஆக்சைடு கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பமூட்டுவது என்பதால், உங்கள் 11 டன்னை 273ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3,000 டன் கரியமில வாயுவுக்கு இணை. ஆளுக்கு ஆண்டுக்கு 30 யூனிட் மின்சாரம், யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்தாலும் முழு நிலையத்தின் மின்கணக்கு 2,100 டன்தான்.

கேட்டவர்

மிக்க நன்றி. உணரியை ஓராண்டுக்கு வைத்து, மூடி அளவீட்டைப் பருவத்துக்கொரு முறை ஒப்பீட்டுக்காகச் செய்யலாம் என்று எண்ணுகிறேன். மீத்தேனையும் இதோடு சேர்த்து அளக்க வேண்டுமா?

மறுமொழி 3

வேண்டும், ஆனால் இடம் வேறு. மீத்தேனின் பெரும்பகுதி காற்றூட்டத் தொட்டியில் உருவாவதில்லை. சாக்கடைக் குழாயிலிருந்து கரைந்து வருவதையும் கசட்டைக் காற்றில்லாமல் மக்கவைக்கும் செரிப்பானிலிருந்து கசிவதையும்தான் தேட வேண்டும். உயிர்வாயு இயந்திரத்தில் எரியாமல் தப்புவதையும், செரித்த கசடு திறந்த தொட்டியில் கிடக்கும்போது வெளியேறுவதையும் பலர் விட்டுவிடுகிறார்கள். கழிவுநீரைக் கீழிருந்து மேலாகச் செலுத்திக் காற்றில்லாமல் சுத்திகரிக்கும் யூஏஎஸ்பி உலை இருந்தால், வெளியேறும் நீரில் கரைந்துள்ள மீத்தேனை நீர் கரையைத் தாண்டி விழுவதற்கு முன்பே மாதிரி எடுங்கள். விழும் கணத்திலேயே அதில் பெரும்பகுதி காற்றில் கலந்துவிடும்.